கை தூக்கியவர்கள்

மடிப்புக்காரி உள்ளே நுழைந்தால் டீ குடிக்கிற அறையில் பேச்சு நின்றுவிடும். முதலில் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு யாராவது ஒருவர் இருமுவார். அப்புறம் "இன்னைக்கு வெயில் கொஞ்சம் அதிகம் இல்ல?" என்று பொத்தாம்பொதுவாக ஒரு கேள்வி வரும். சன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு வெயிலைப் பற்றி இத்தனை அக்கறையாகப் பேசிய கூட்டம் வேறெங்கும் இருக்காது.

காரணம் அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் விரிப்பு, தலையணை உறை எல்லாம் வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவைக்கூடம் அது. அவள் காலை ஷிப்ட். சூடான உருளையிலிருந்து தேய்ந்து வெளியே வரும் விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. மாலை ஷிப்டில் அதே உருளையின் மறுபக்கத்தில் நின்று ஈர விரிப்புகளை உள்ளே கொடுப்பவர் அவளுடைய வீட்டுக்காரர். எதிர்க்கூட்டத்தில் புருஷனை வைத்திருக்கிறவளை நம்பி யார் வாயைத் திறப்பார்கள்?

எதிர்க்கூட்டம் என்று ஒன்று முன்பெல்லாம் கிடையாது. காலை ஆட்கள் கிளம்புவதற்கும் மாலை ஆட்கள் வேலையைத் தொடங்குவதற்கும் நடுவே, ஒரு டீ குடிக்கிற நேரம் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். "மூணாவது ட்ரம்முல மூடி சரியா மாட்ட மாட்டேங்குது, பார்த்து", "சரிக்கா, நேத்து நீங்க விட்டுட்டுப் போன குடை என்கிட்டதான் இருக்கு" என்று பேச்சு போகும். புதிதாக வந்த சூப்பர்வைசருக்கு இது கண்ணை உறுத்தியது. நாலு பேர் சேர்ந்தால் வம்புதான் வளரும் என்று நினைத்தார். ஒரு ஷிப்ட் பின்வாசல் வழியாக முழுதாக வெளியே போன பிறகுதான் அடுத்த ஷிப்ட் முன்வாசல் வழியாக உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டார். மனிதர் வம்பை ஒழித்துவிட்டதாக இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். முகத்துக்கு நேரே பேசிக்கொண்டிருந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் பேச ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

போதாக்குறைக்கு ஒரு செய்தி வேறு கிளம்பியது. இரண்டில் ஒரு ஷிப்டை எடுத்துவிடப் போகிறார்களாம். எந்த ஷிப்டில் இயந்திரம் அதிகமாக நிற்கிறதோ அந்த ஷிப்ட் வீட்டுக்குப் போகவேண்டியதுதானாம். யார் சொன்னார்கள் என்று கேட்டால் எல்லாரும் இன்னொருவரைக் கை காட்டினார்கள். ஆனால் நம்பாதவர் ஒருவர்கூட இல்லை.

அன்று காலை நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்த உருளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டில் நீளத்துக்கு ஓர் இரும்பு உருளை, தொட்டால் தோல் வழன்றுவிடுகிற சூடு. ஈர விரிப்பின் இரண்டு ஓரத்தையும் இரண்டு கையாலும் பிடித்து அதன் வாயில் கொடுக்க வேண்டும். வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு பட்டை இருக்கும். தவறிப்போய்க் கை அதில் இடித்தால் உருளை அப்படியே நின்றுவிடும். நின்றால் மறுபடி ஓட வைக்க சூப்பர்வைசர்தான் வந்து சாவி போட வேண்டும். எந்த ஷிப்டில் நின்றது என்று எழுதியும் வைத்துக்கொள்வார். அதனால் வேண்டுமென்று பட்டையைத் தொட்டுப் பார்க்கிற வழக்கம் இரண்டு ஷிப்டிலும் இல்லை.

அன்று விரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தது புதுப்பொண்ணு. வேலைக்கு வந்தபோது புதிதாகக் கல்யாணமானவள் என்பதால் வந்த பெயர், இன்னும் மாறவில்லை. விரிப்பின் மடிந்த ஓரத்தை நீவிவிடப் போனவளின் முழங்கை பட்டையில் டங்கென்று இடித்தது. உருளை நிற்கவில்லை. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. துணியோடு சேர்ந்து உள்ளே போகவிருந்த கையை அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பின்னால் நின்ற துணிவண்டியின்மேல் போய் விழுந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

டீ நேரத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காலை ஷிப்டின் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். விசாரணையை ஆரம்பித்தவர் சி.ஐ.டி. அழுக்குத் துணி பிரிக்கிறவர் அவர். தலையணை உறைக்குள் கிடக்கும் சீப்பையும் பல்செட்டையும் வைத்துக்கொண்டு அதன் சொந்தக்காரர் எப்படிப்பட்டவர், பெண்டாட்டியோடு சண்டையா என்பதுவரை கண்டுபிடித்துச் சொல்வதால் அந்தப் பட்டம்.

"நேத்து காலைல பட்டை நல்லா இருந்தது. நாம போனதுக்கப்புறம் உருளையைத் தொட்டது யாரு? அவங்க. கெட்டுப்போனது அவங்களுக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சேதான் நமக்குன்னு விட்டுட்டுப் போயிருக்காங்க."

நேற்றுக் காலை பட்டையை யாருமே தொடவில்லை, அது நன்றாக இருந்ததா என்று கடவுளுக்குத்தான் தெரியும். இதை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

"இந்தப் பொண்ணு கை போயிருந்தா யாருடா பதில் சொல்றது?" என்றாள் பெரியக்கா. வெளுக்கும் ட்ரம்களைப் பார்த்துக்கொள்பவள். அறையில் அவள் சொன்னால் அது நடக்கும். "ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லி வச்சிட்டுப் போயிருக்கலாம்ல? மனுஷங்களா அவங்க?"

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடலாமே அக்கா" என்றாள் மடிப்புக்காரி.

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. நாலு பேரும் அவளையே பார்த்தார்கள்.

"சொன்னா என்ன ஆகும்?" என்றார் துணிவண்டி தள்ளும் வண்டிக்காரர். "உருளையை நிறுத்துவாரு. நம்ம ஷிப்ட்ல நின்னதுன்னு எழுதுவாரு. அவங்க எதிர்பார்க்கறதே அதைத்தான்."

"நமக்கு அவங்க சொல்லல. அவங்களுக்கு நாமளும் சொல்ல வேண்டாம்" என்று முடித்தாள் பெரியக்கா. "பார்த்து வேலை செஞ்சு ஷிப்டை முடிச்சிட்டுப் போவோம். அப்புறம் அவங்க பாடு, அந்த உருளை பாடு. யாரும் மூச்சு விடக் கூடாது. சரின்னா கை தூக்குங்க."

சி.ஐ.டி. தூக்கினார். வண்டிக்காரர் தூக்கினார். புதுப்பொண்ணுகூடத் தூக்கினாள். பெரியக்கா மடிப்புக்காரியைப் பார்த்தபடியே தன் கையைத் தூக்கினாள்.

மடிப்புக்காரி தன் வீட்டுக்காரரை நினைத்தாள். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விரிப்பைத் தள்ளி நின்று கொடுத்தால் ஓரம் சுருங்கும் என்று, விரல் நுனி உருளையை உரசுகிற அளவுக்குக் கொண்டுபோய்த்தான் விடுவார். "பட்டை இருக்கே, பயம் எதுக்கு" என்பார். கை தூக்காவிட்டால் புருஷனுக்காகக் கூட்டத்தைக் கவிழ்க்கிறவள் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிடுவார்கள். தூக்கினால் என்ன ஆகும் என்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தூக்கினாள்.

அதற்குப் பிறகு ஷிப்ட் முடிகிறவரை அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருக்கு ஒரு போன் பண்ணிவிடலாம் என்று பார்த்தால் தனியாக இருக்க இடமே கிடைக்கவில்லை. கழிப்பறைப் பக்கம் போனால் அங்கிருந்து சி.ஐ.டி. வெளியே வருகிறார், அவளைப் பார்த்ததும் செல்போனைச் சட்டைப் பைக்குள் போடுகிறார். முன்வாசல் பக்கம் போனால் வாட்ச்மேனோடு வண்டிக்காரர் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்கிறார். புதுப்பொண்ணு துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறாள். பெரியக்காவோ ட்ரம்களுக்கு நடுவே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இவள் பக்கமே முறைக்கிறாள். தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று மடிப்புக்காரிக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. இப்படித் தெளிவாகப் புரிகிற விஷயங்கள்தான் மனிதர்களை அதிகம் ஏமாற்றுகின்றன.

ஷிப்ட் முடிந்ததும் பின்வாசல் வழியாக வெளியே வந்து, இனி நேரிலேயே சொல்லிவிடலாம் என்று ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பஸ் பிடித்து, வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தில் இறங்கினாள். அவர் வேலைக்குக் கிளம்பி அங்கே பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இன்னைக்கு உருளைகிட்ட போகாதீங்க. பட்டை வேலை செய்யல. இடிச்சாலும் நிக்க மாட்டேங்குது."

அவர் பதறவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. அவளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார்.

"நீயுமா?" என்றார்.

"நீயுமான்னா?"

"காலைலேர்ந்து மைக் செட் எனக்கு ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்." மைக் செட் என்பவர் மாலை ஷிப்டுக்குத் தலைவர் மாதிரி, ரகசியம் பேசினால்கூடத் தெருமுனைவரை கேட்கும் குரல். "உங்க ஆளுங்க பட்டை கெட்டுப்போச்சுன்னு கதை கட்டி விடறாங்களாம். அதை நம்பி நாங்க தொட்டுப் பார்க்கணும், உருளை நிக்கணும், எங்க ஷிப்ட்ல நின்னதுன்னு எழுதணும். நல்லா இருக்கு ஏற்பாடு. ஆனா என் வீட்டுக்குள்ளயே ஆள் பிடிப்பாங்கன்னு நான் நினைக்கல."

"என்னை யாரும் அனுப்பலங்க. நானாத்தான் சொல்றேன்."

"அப்ப மத்தவங்களை யார் அனுப்பினாங்க?"

எந்த மத்தவர்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர் கம்பியைப் பிடித்து ஏறினார். பதினைந்து வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்திய மனிதர், டிக்கெட் கேட்கும் கண்டக்டரைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்துவிட்டுப் போனார். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

வீட்டுக்குப் போய் என்ன செய்வது? உருளை சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அடுத்த பஸ்ஸைப் பிடித்து மறுபடி சலவைக்கூடத்துக்கே வந்தாள். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டதாக வாட்ச்மேனிடம் ஒரு பொய்யைச் சொல்லி முன்வாசல் வழியாக உள்ளே போய், அறைக் கதவைத் தள்ளினாள். மாலை ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு சட்டென்று நின்றது.

"வாம்மா" என்றார் மைக் செட். "உன்னைப் பத்திதான் பேசிட்டிருந்தோம். பட்டை கெட்டுப்போச்சு, அதானே?"

"சத்தியமா அண்ணே. நான் பொய் சொல்லல."

"நீ மட்டுமா சொல்ற? முதல்ல உங்க சி.ஐ.டி. எனக்குப் போன் பண்றார். கழிப்பறையிலேர்ந்து பேசறார்போல, குரல் எதிரொலிக்குது. 'பட்டை போச்சு, பார்த்துக்க, நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதே'ங்கறார். அப்புறம் வண்டிக்காரர், வாட்ச்மேன்கிட்ட சொல்லி அனுப்பறார். அவர் சொன்னதாவும் சொல்லக் கூடாதாம். அந்தப் புதுப்பொண்ணு மெசேஜ் போட்டுட்டு உடனே அழிச்சிடுது. கடைசியா யாரு தெரியுமா? பெரியக்கா! எங்க ட்ரம்காரம்மாகிட்ட அவங்க பேச்சை நிறுத்தி எத்தனை மாசமாச்சு? இன்னைக்குத் திடீர்னு பாசம் பொங்கிடுச்சு. அழுதாங்களாம். இப்ப நீ. அஞ்சு பேரு, அஞ்சு வழி, ஒரே வசனம், 'நான் சொன்னதா சொல்லாதே'ங்கறதுவரைக்கும் ஒண்ணா ஒத்திகை பார்த்துட்டு வந்திருக்கீங்க. எங்க காதுல பூ வச்சிருக்கா?"

மடிப்புக்காரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று தெரியவில்லை. காலையில் தன்னை வேவு பார்த்ததாக நினைத்த நாலு பேரும், இவள் பார்த்துவிடுவாளோ என்று பயந்து ஒளிந்து ஒளிந்து, இவள் செய்யத் துடித்ததைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். சொல்லக் கூடாது என்ற அந்த முடிவை மனசார எடுத்தவர் காலை ஷிப்டில் ஒருவர்கூட இல்லை.

அவள் வீட்டுக்காரர் எழுந்தார். "நேரமாச்சு, உருளை சூடேறியிருக்கும். நான் போறேன்" என்று கைகளைத் துடைத்துக்கொண்டார். நாலு மனிதர்களின் நல்ல எண்ணத்தை இவர்கள் சதி என்று முடிவு செய்தாகிவிட்டது. அதை இனி என்ன சொல்லி மாற்றுவது? நல்லதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அப்போதுதான் அவளுக்குக் கெட்டதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

"நாங்க ஒத்திகை பார்க்கல" என்றாள். "நாங்க சேர்ந்து முடிவு பண்ணினது வேற. உங்களுக்குச் சொல்லவே கூடாதுன்னு முடிவு பண்ணினோம். நீங்க தெரிஞ்சே விட்டுட்டுப் போனீங்கன்னு நினைச்சோம். அப்ப நீங்களும் படுங்கன்னு விட்டுட்டோம். கதவைச் சாத்திட்டுக் கை தூக்கினோம். எல்லாரும்."

அவள் புருஷனைப் பார்த்தாள்.

"நானும்."

அதை அவர்கள் நம்பினார்கள். ஒரு கேள்வி இல்லை, ஒரு சாட்சி இல்லை, சொன்ன வேகத்தில் அப்படியே நம்பினார்கள். மைக் செட்டுக்கே குரல் எழும்பவில்லை.

"எந்தக் கையைத் தூக்கின?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

அவள் வலதுகையைக் கொஞ்சமாக உயர்த்திக் காட்டினாள். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வெளியே போய், சுவரோரம் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உருளைக்குப் போனார். எல்லாரும் பின்னாலேயே போனார்கள். ஓடுகிற உருளையின் முன்னால் நின்று, துடைப்பக் கட்டையால் பட்டையை ஓங்கி இடித்தார். உருளை நிற்கவில்லை. இன்னொரு தடவை இடித்தார். கட்டை நழுவி நுனி உள்ளே போய் நசுங்கியது. கருகல் வாசனை வந்தது.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். உருளை நின்றது. வீட்டுக்காரருடைய பத்து விரலும் பத்திரமாக இருந்தன. கண்ணால் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

ஆனால் யாரும் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. "பார்த்தீங்களா அவங்க லட்சணத்தை? கை தூக்கியிருக்காங்கய்யா!" என்று மைக் செட் இழந்த குரலை மீட்டுக்கொண்டார். "அந்த நாலு பேரும் மனசு கேக்காமத்தானே அண்ணே சொல்லியிருக்காங்க" என்று அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். காதில் வாங்கிக்கொள்ள ஆளில்லை. வந்த போன்களையும் மெசேஜையும் அதற்குள் எல்லாரும் மறந்துவிட்டிருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பி நின்றார். அன்று வீட்டிலும் அவர் தட்டை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அறையில் பெரியக்கா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தெரிந்தே கெட்ட பட்டையோடு உருளையை ஓட்டியதாக மாலை ஆட்கள் சொல்ல, காலை ஷிப்டின் மேல் சூப்பர்வைசர் எழுதிவிட்டார்.

"யாரு சொன்னது?" என்று கேட்டாள். "நம்ம அஞ்சு பேருக்குத்தான் தெரியும். யாரு வாயைத் திறந்தது?"

"நான் இல்லப்பா" என்றார் சி.ஐ.டி. "எனக்கென்ன தலையெழுத்தா?" என்றார் வண்டிக்காரர். புதுப்பொண்ணு தலையை மட்டும் ஆட்டினாள்.

"நான் சொன்னேன்" என்றாள் மடிப்புக்காரி.

நாலு முகத்திலும் அப்படியொரு நிம்மதி. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் மட்டும் இல்ல. அண்ணே, நீங்க கழிப்பறையிலேர்ந்து போன் பண்ணினீங்க. நீங்க வாட்ச்மேன்கிட்ட சொன்னீங்க. நீ மெசேஜ் போட்டே. அக்கா, நீங்க அழுதிருக்கீங்க. நாம அஞ்சு பேருமே சொல்லியிருக்கோம். இதுல வெட்கப்பட என்ன இருக்கு? சந்தோஷப்பட வேண்டாமா?"

ஒரு கணம், ஒரே கணம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கணத்தில் யாராவது ஒருவர் 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் எல்லாமே மாறியிருக்கும். மடிப்புக்காரி அதற்காக ஏங்கிப்போய் நின்றாள்.

"இது யார் சொல்லிக் கொடுத்த பேச்சு?" என்றார் சி.ஐ.டி. "மைக் செட்தானே? நம்மளை ஒருத்தர்மேல ஒருத்தர் சந்தேகப்பட வைக்கறதுக்கு ஏற்பாடு. பாருங்க, எவ்வளவு பக்காவா ஆளுக்கொரு கதை ஜோடிச்சு அனுப்பியிருக்காங்க!"

"அதானே!" என்றார் வண்டிக்காரர், சற்று அவசரமாகவே. மடிப்புக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுப்பொண்ணு பெஞ்சில் நகர்ந்து தள்ளிப் போனாள்.

அன்று மடிப்பு மேசைப் பக்கம் வண்டிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சக்கரத்தைப் பார்ப்பவர்போலக் குனிந்து, "அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். ஆகவில்லை என்றதும் வந்த வழியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து சி.ஐ.டி. வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு அதையே கேட்டார். புதுப்பொண்ணு கேட்கக்கூட இல்லை. ஈரக் கண்ணோடு இவள் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு ஓடிப்போனாள்.

பெரியக்கா வந்தது கை கழுவுகிற குழாயடிக்கு. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தண்ணீர்ச் சத்தம் கேட்கட்டும் என்று குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

"ஏண்டி, உன் வீட்டுக்காரர் கை நல்லாத்தானே இருக்கு? பொட்டுத் தூக்கம் இல்லடி எனக்கு."

"நல்லா இருக்குக்கா" என்றாள் மடிப்புக்காரி. "இதை உள்ள வந்து, எல்லார் முன்னாடியும் ஒரு தடவை கேளுங்கக்கா. உங்க கால்ல விழறேன். ஒரே ஒரு தடவை. நீங்க கேட்டா மத்தவங்களும் கேப்பாங்க. நான் வீட்டுல போய் அவர்கிட்ட சொல்லிக்கறேன், எங்க ஆளுங்க உங்களைப் பத்திக் கேட்டாங்கன்னு."

பெரியக்கா குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அறையை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். மடிப்புக்காரி பின்னாலேயே போனாள்.

உள்ளே மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியக்கா நடுவில் போய் நின்று வாயைத் திறந்தாள். மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பெரியக்கா எதற்கு மடிப்புக்காரியோடு சேர்ந்து வருகிறாள் என்று சி.ஐ.டி.யின் புருவம் மட்டும் லேசாக ஏறியது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றாள் பெரியக்கா. "இனிமே இவகூட யாரும் பேச்சு வச்சுக்கக் கூடாது."

"சரிக்கா" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மடிப்புக்காரி பெரியக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா அவள் பக்கம் திரும்பவே இல்லை.